நாளைக் காலை அண்ணனுடைய முறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கையும் சௌக்கியம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேய்ப்புக்கடையில் புதிதாக நீராவி இஸ்திரிப் பெட்டி வாங்கிவிட்டார்கள், என் தோள்பட்டை பிழைத்தது. இரவு வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

அக்கா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பாதியிலேயே, "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்டி" என்று தூங்கிவிட்டாள். இனி நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பாதி பயம், பாதி சந்தோஷம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் விடிவதற்கு முன்னால் ஒரு கூட்டம் உடற்பயிற்சி செய்கிறது, அம்மா வேலைக்குக் கிளம்பியதும் நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறேன். கருவி ஒன்றும் கிடையாது, அவரவர் உடம்புதான். சனிக்கிழமை மட்டும், போரில் இறந்த ஒருவருக்காகச் செய்வோம். அவர் வீட்டு ஆள் ஒருவர் முன்னால் வந்து அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லி, அதற்குப் பொருத்தமாக ஒரு பயிற்சியும் கொடுக்க வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இப்போது பஸ் கண்டக்டராக இருக்கும் விசில் மாமாதான் தலைவர். "வீரன் சூரன்னு கல்லுல வெட்டினதைப் படிக்காதீங்க, வீட்டுல எப்படி இருந்தான், அதைச் சொல்லுங்க" என்பார். போன வாரம் ஒருவர், தன் மகன் சின்ன வயதில் திட்டு விழுந்தால் மேசைக்கடியில் புகுந்துகொள்வான் என்றார், உடனே நாங்கள் எல்லோரும் மைதானம் முழுக்கத் தவழ்ந்தோம். "மாமா, போனவங்களுக்காகன்னு சொல்லி எங்களையும் அனுப்பிடாதீங்க" என்று மருந்துக்கடைக்காரர் அலறினார், "பேச மூச்சு இருக்குல்ல, இன்னொரு சுத்து போ" என்றார் மாமா. தவழ்ந்துகொண்டே சிரித்தோம், அந்த அப்பாவும் சிரித்தார்.

நாளைக்கு அண்ணனுடைய, உன் தம்பியுடைய முறை அக்கா! மாமா சொன்னதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் என்ன சொல்வது? அவன் பட்டாளத்துக்குப் போனபோது நான் பால்பல் விழாத பிள்ளை, அவன் முகமே எனக்குப் போட்டோவில் பார்த்த முகம்தான். உன்னைக் கேட்கலாம் என்றால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அம்மாவைக் கேட்க முடியுமா? அவன் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அவள் அவனைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை, பட்டாளம் என்ற சொல் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாள். போதாததற்கு நாளைக்கு அவளுக்கு விடுமுறை, வீட்டில்தான் இருப்பாள். எப்படி வெளியே போவேன், போனாலும் வாயடைத்து நின்றால் அண்ணனுக்கு எவ்வளவு

அக்கா, அம்மா வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் கதவைத் திறந்து அப்படியே நின்றாள், நான் தாளின் மேல் கவிழ்ந்துகொண்டேன். "மூடாதே. தினமும் பனியில நனைஞ்ச உன் ஷூவைத் துடைச்சு வெக்கிறது யாரு, பேயா பிசாசா? உங்க விசில் மாமா டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டுட்டார், நாளைக்கு நீங்களும் வர்றீங்களான்னு" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தரையைக் காட்டிச் சொன்னாள்: "பட்டாளத்து உடம்புச் சோதனைக்கு முந்தின நாள் இதோ இந்தத் தரையில முழங்கையை ஊனி, உடம்பைத் தூக்கிப் பலகை மாதிரி கிடந்தான். 'வெயிட்டு பத்தல, மேல உட்காரும்மா'ன்னான். நானும் பீன்ஸை எடுத்துட்டு அவன் முதுகுல உட்கார்ந்தேன். 'சீக்கிரம் நறுக்கும்மா'ன்னு கத்தறான். நான் வேணும்னே ஒண்ணொண்ணா நறுக்கினேன். விழுந்துட்டான்னா போகமாட்டான் பாரு, அதுக்குத்தான். படவா, விழவே இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள் அக்கா, அழுதுகொண்டே சிரித்தாள், நானும். "இதைச் சொல்லு. நானும் வர்றேன்" என்றாள். மேலே எழுதியதைப் படித்துக் காட்டியதும், "நான் உட்கார்ந்தா அந்த மருந்துக்கடைக்காரர் முதுகு தாங்குமான்னு கேட்டு வை" என்கிறாள்!

இனி அம்மா சொல்வது: நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் மகளே, என் ஆசி எப்போதும் உன்னோடு. மறந்துவிடாதே, இதைப் படித்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீயும் தம்பிக்காக ஒருமுறை பலகையாகக் கிட. சீக்கிரம் எழுந்துவிட்டால் கணக்கில் வராது.

இப்படிக்கு,
அம்மா
(கையெழுத்து மட்டும் தங்கையுடையது)