பால் கப்பை விடாத ஃபங்ஷன்

மார்ச் 4, செவ்வாய்

ப்ரென்டன் என் நிரல் மாற்றத்தை மறுபடி திருப்பி அனுப்பிவிட்டார். குழுத் தலைவராம். அவர் தலையசைக்காமல் பால் கறக்கும் இயந்திரத்துக்குள் ஒரு எழுத்துகூடப் போகாது. நான் கேட்டது பெரிதா என்ன? மாடு நிற்கும் இடத்தின் எண், பால் வரும் வேகம், இரண்டையும் வாங்கி வேலை செய்யும் நிரல் துண்டுக்கு, அந்த ஃபங்ஷன் வகைக்கு, டைப்டெஃப் போட்டு ஒரு பெயர் வைப்போம். எல்லா ஃபங்ஷனையும் அந்தப் பெயரால் அறிவிப்போம். ஒத்துவராததை, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே காட்டிக் கொடுக்கும்.

"பேரு வைக்க ஆசைன்னா ஒரு நாய்க்குட்டி வாங்கிக்கோ, மொய்ரா. ஸ்டாரையும் அடைப்புக்குறியையும் படிக்கத் தெரியாதவங்களுக்கு சி மொழி எதுக்கு?" என்றார்.

மார்ச் 5

அவர் எழுதியதைப் படித்தேன். அடைப்புக்குறிக்குள் ஸ்டார், அதைச் சுற்றி இன்னோர் அடைப்புக்குறி. கம்பைலர் முணுமுணுத்த இடத்திலெல்லாம், 'வகை சரிதான், நம்பு' என்று சொல்லும் ஒரு காஸ்ட் போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறார். என்ன வீரம்!

மார்ச் 6

எங்கள் இயந்திரத்தை வைத்திருக்கும் பண்ணையிலிருந்து நைரி போன் செய்தார். "பால் நின்னப்புறமும் உங்க மெஷின் காம்புல மாட்டின கப்பை விடாம உறிஞ்சுது. காம்பெல்லாம் செவந்து கெடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா கழட்டி ரோட்ல வச்சுடுவேன்."

ப்ரென்டன் அசரவில்லை. "மாடு இன்னும் பழகலை."

மாடு பழகலையாம்! அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?

மார்ச் 7, வெள்ளி

கேட்காமலே பொது நிரலில் பெயரைச் சேர்த்தேன், காஸ்ட்களைப் பிடுங்கினேன். கம்பைலர் ஒரே இடத்தில் முரண்டு பிடித்தது: கப்பை விடுவிக்கும் ஃபங்ஷன். அது மூன்று மதிப்புகள் கேட்கிறது. மூன்றாவது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. அழைப்பவர் கொடுப்பது இரண்டுதான். அப்புறம்? நினைவகத்தில் கிடக்கும் ஏதோ குப்பையைக் காத்திருக்கும் நேரமாக எடுத்துக்கொள்கிறது. எழுதியவர் ப்ரென்டன்.

பில்டை உடைப்பவர், அதாவது பொது நிரலைக் கம்பைல் ஆகாமல் நிறுத்துபவர், எல்லோருக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை வாங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். "உடைச்சது நீதானே? எனக்கு ஸ்டீக் சீஸ் பை" என்றார் ப்ரென்டன்.

வாங்கிக் கொடுத்தேன். கோபத்தில் எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 8

நைரியின் பண்ணை. தன் நிரலில் தவறில்லை என்று நிரூபிக்க ப்ரென்டன் திருத்தாத பழையதையே ஓடவிட்டு, மாட்டின் பின்னாலேயே போய் நின்றார். பால் நின்றது. கப் விடவில்லை. மாடு விட்டது ஓர் உதை, தொடையில்.

நைரி கப்பைக் கையால் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மாடு இன்னும் பழகலை போல, தம்பி."

திருத்தியதைப் போட்டோம். அடுத்த மாட்டுக்குக் கப் தானாகக் கழன்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

குழுவின் நிரல் விதிகளில் புது வரி: ஃபங்ஷன் வகைக்குப் பெயர் வைப்பது கட்டாயம். கீழே ப்ரென்டனின் பெயர். என் பெயரைத் தேடினேன், இல்லை.

மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்து, என் மேசையில் சூடாக ஒரு ஸ்டீக் சீஸ் மீட் பையை வைத்துவிட்டுப் போனார். இந்த வாரம் யாரும் பில்டை உடைக்கவில்லை.