இரண்டாவது பேஸில் நிற்பவன்

ஏப்ரல் 14, 1953

மற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் எனக்கு இடமில்லையாம். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் மாற்றிக்கொள்கிறேன். மூட்டைகளும் வெள்ளைதான். அவை ஆட்சேபிக்கவில்லை.

மேனேஜர் கஸ் சொன்னார்: "அலோன்சோ, இந்த டீமுக்கு வந்த முதல் கறுப்பு ஆள் நீ. எவன் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காத." அதற்காகத்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

ஏப்ரல் 20

மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற வெண்டெல் பிரூயிட் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டான். "எனக்கு நிறமே தெரியாதுப்பா!"

"அப்ப எதிர் டீம் சட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்றேன். அவன் நெகிழ்ந்து தோளைத் தட்டினான். கேள்வி காதில் ஏறவில்லை.

ஹோபார்ட் லென்ட்ஸ் வேறு ரகம். டென்னசி மலைக்காரன். எனக்குப் பக்கத்து இடத்தில் ஆடுகிறான். அவன் எறியும் பந்தை வாங்கித்தான் நான் காவல் நிற்கும் திண்டுக்கு, இரண்டாவது பேஸுக்கு, ஓடி வருபவனை நான் அவுட்டாக்க வேண்டும். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 28

வழியில் சாப்பாட்டுக் கடை. எல்லோரும் உள்ளே, நான் பஸ்ஸில். வெண்டெல் எனக்கு ஒரு ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்தான். கூடவே நிருபர் ஒருவரையும் கொண்டுவந்தான்.

ஏப்ரல் 30

பேப்பரில் படம் வந்திருக்கிறது. வெண்டெலின் புன்னகை, சாண்ட்விச், என் முழங்கை.

மே 3

மழை. ஆட்டம் இல்லை. யாரும் திட்டவில்லை.

மே 9

முழங்காலுக்குக் கீழே பதினோரு தையல். ஹோபார்ட் எறிந்த பந்துக்காக நான் பேஸில் நின்றிருந்தேன். பந்து வருமுன் ஓட்டக்காரன் சறுக்கி வந்து ஆணிக் காலணியை என் காலில் பாய்ச்சினான்.

லேட்டாத்தான் எறிஞ்சான். எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமா ஆடறேன், பந்து எப்ப கையை விட்டுக் கிளம்புதுன்னு தெரியாதா? — யாரிடம் சொல்வது?

வெண்டெல் வந்து பார்த்தான். "எனக்கு மனசே சரியில்லப்பா" என்றான். அவனுக்கு நான் ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

மே 23

வெளியூர் ஆட்டம். தொடங்கும் முன் போலீஸ் தலைவர் ஒரு தாளோடு மைதானத்துக்குள் வந்தார். அந்த ஊர்ச் சட்டப்படி வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து சீட்டு, டாமினோ, பந்து எதுவும் ஆடக்கூடாது. ஊரின் ஒழுக்கம் டாமினோவில் கெட்டுப்போகும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

கஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ போய் பஸ்ல உக்காரு" என்றார். வெண்டெல், "பொறுத்துக்கோ, காலம் மாறும்" என்று சொல்லிவிட்டு, முகக்கவசம் மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய்க் குந்தினான்.

நான் பாதி தூரம் நடந்திருப்பேன். பின்னால் காலடிச் சத்தம். ஹோபார்ட்.

"டேய், எங்கடா போற?" — கஸ்.

"பஸ்ஸுக்கு."

"உன்னை யார்டா போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அவன் பின்னால் இன்னொருவன், பிறகு பந்து எறிபவன், இப்படி ஏழு பேர். மைதானத்தில் மிச்சம் எட்டு. ஒன்பது பேர் இல்லாமல் ஆட முடியாது, நாங்கள் தோற்றதாக அறிவித்தார்கள். பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். எறிய ஆளில்லாத பந்துக்காக வெண்டெல் இன்னும் குந்தியிருந்தான்.

மே 24

திரும்பும் வழியில் ஹோபார்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முன் சீட்டின் முதுகைப் பார்த்தபடி பேசினான்.

"அன்னைக்கு வேணும்னேதான் லேட்டா எறிஞ்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா எவன் நம்புவான்?"

அதற்குப் பிறகும் அவன் எழுந்து போகவில்லை. எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

ஜூன் 6

சகோதரத்துவத்துக்காக ஊர் வணிகர் சங்கம் வெண்டெலுக்குக் கேடயம் கொடுக்கிறது. நாளை ஹோட்டலில் விருந்து. எனக்கும் அழைப்பு உண்டு. சமையலறை வழியாக வரவேண்டும் என்று கீழே அழகான கையெழுத்தில் குறித்திருக்கிறார்கள்.

ஹோபார்ட்டை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மட்டை வீச்சு போதாதாம். இந்த அணியில் அவனைவிட நன்றாக அடிப்பவன் நான் ஒருவன்தான்.

ஜூன் 7

விருந்துக்குப் போகவில்லை. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹோபார்ட்டை நான் தங்கியிருக்கும் மிஸஸ் பீஸ்லி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கள் கறுப்பர் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். "நான் பின்பக்கமா வரணுங்களாம்மா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

மிஸஸ் பீஸ்லி அவனை மேலும் கீழும் பார்த்தார். "என் வீட்டுக்கு ஒரே வாசல்தான். ஷூவைத் துடைச்சிட்டு வா."

மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. கால் இன்னும் வலிக்கிறது. பொரித்த மீனில் பெரிய துண்டை மிஸஸ் பீஸ்லி அவன் தட்டில் வைத்தார். நான் தடுக்கவில்லை.