அபுல் ஹவ்லின் முதுகுத் துளை

ஹம்தானின் தாயே,

உனக்கும் பிள்ளைகளுக்கும் சாந்தி உண்டாகட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் கீஸாவில் ராஜா மாதிரி இருக்கிறேன். அபுல் ஹவ்ல் என்கிற அந்த மனுஷத் தலைக் கல் சிங்கத்தின் முதுகுத் துளை எந்தப் புதையலுக்குப் போகிறதென்று எனக்குத் தெரியும் என்று இங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருந்தேன். உள்ளே இறக்கிவிட்டார்கள். இடுப்போடு சிக்கிக்கொண்டேன்.

“என்ன மாமா, புதையல் விடமாட்டேங்குதா?” என்றான் மேஸ்திரி பஸ்யூனி.

“உள்ளே இருக்கிற பழைய அரசர் டீ குடிச்சிட்டுப் போகச் சொல்றாருடா!” என்றேன்.

இழுத்தெடுத்ததும், உள்ளே வெறும் பாறைதான் என்று உண்மையைச் சொன்னேன்.

“மறைக்கிறீங்க மாமா. வழியைக் காட்டுற வரைக்கும் உங்களுக்கு லீவு கிடையாது.”

மாவை வெயிலில் பொங்கவைத்துச் சுடுவாயே, அந்த வெயில் ரொட்டி அனுப்பு, நீ சுட்டதாக. நம் ஊருக்கு ரயிலேறப் போகிற ஷஹாத்தா இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள அவசரப்படுத்துகிறான். வெள்ளிக்கிழமை நம் மகள் நவாலின் நிக்காஹில், பெண்ணைக் கொடுக்கும் தகப்பன் பிடிக்க வேண்டிய மாப்பிள்ளையின் கையை எனக்குப் பதிலாக என் தம்பி பிடிக்கட்டும். அவள் கேட்டால், அப்பா நகர்ந்தால் அந்தச் சிலையே சரிந்துவிடும் என்று சொல்.

உன் கலஃபுல்லா