இருபது டாலருக்குப் போன பெயர்

கொச்சிக்குப் போய்வந்த என் மகன், டின்னில் அடைத்த மாம்பழச் சாறு ஒரு பெட்டி வாங்கி வந்தான். வழியில் ஒரு டின் கசிந்து அட்டையெல்லாம் பழ வாசனை. துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அட்டையின் ஓரத்தில், மூன்று டபிள்யூவுக்குப் பிறகு, அந்தப் பெயர். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டினால்தான் வரும். இதை மட்டும் கூட்டாமலே வாசித்தேன். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ கண்ணை மூடி இரண்டு வருசம் ஆகிவிட்டது.

தோழிகள் நாம் இருவரும் ஐந்தாம் வகுப்போடு ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். நான் அடுப்படிக்குப் போனேன். நீ உன் அப்பாவோடு பெரியகுளம் மாங்காய் மண்டிக்குப் போனாய். அவருக்குத் தொண்டை கட்டிய ஒருநாள் பெட்டிமேல் ஏறி நின்று ஏலம் கூறினாய். பிறகு நாற்பது வருசம் அங்கே உன் குரல்தான். கணக்கிலும் குரலிலும் உன்னை மிஞ்ச அந்த மண்டியில் ஆளில்லை என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் பேத்தி இன்டர்நெட்டில் பெயர் வாங்கி விற்கப்போகிறேன் என்று வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? ஒரு பெயரை முதலில் யார் பதிந்து வைக்கிறார்களோ அது அவர்களுடையது, வருசாவருசம் கொஞ்சம் பணம் கட்டினால் போதும், அதே பெயர் வேண்டுமென்று வரும் கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்கலாம் என்றாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நீ வெற்றிலையை மடித்தபடி, “மண்ணே இல்லாத ஊர்ல பட்டா வாங்கிப் போட்டிருக்கா உன் பேத்தி” என்றாய். அதற்குப் பிறகுதான் எனக்கு முழுசும் புரிந்தது.

என் மகனுக்கு அது பிடிக்கவில்லை. சித்திரை பிறப்பதற்குள் ஒரு பெயராவது விலைபோக வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டுத் தேனி மில்லில் அவன் பார்த்துவைத்திருந்த வேலைக்குப் போக வேண்டும் என்று கெடு வைத்துவிட்டான். பேத்தி வாதாடவில்லை. சரிப்பா என்றாள். 

அவளிடம் இருந்ததிலேயே நல்ல பெயர் மாம்பழச் சாற்றைப் பற்றிய அந்தப் பெயர்தான். பங்குனி மாதம் ஒரு மத்தியானம், நாம் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். பெயர் விற்கும் ஒரு தளத்தைத் திறந்து, விலை எழுதும் கட்டத்தில் இரண்டாயிரம் டாலர் போடப்போனாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான். எடுத்த எடுப்பில் இரண்டாயிரம் என்றால் யார் நிற்பார்கள், இருபதில் ஆரம்பி என்றேன். உன் மண்டிக்குச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் பார்த்த வழக்கம்தானே அது. அடிமட்ட விலையைக் கூறினால்தான் கூட்டம் சேரும், பிறகு வாங்க வந்தவர்களே ஏற்றிக்கொண்டு போவார்கள். பேத்தி உன் முகத்தைப் பார்த்தாள். நீயும் தலையை ஆட்டினாய். அவளும் அதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை; நாற்பது வருசம் ஏலம் கூறியவளே தலையாட்டினால் அவள் என்ன செய்வாள்? இருபது என்று அடித்தாள்.

காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் விற்றுப்போய்விட்டது.

நீ நம்பவே இல்லை. “எப்படிப் போகும்? யாரு மூணு தரம் சொன்னது? ஒரு தரம்கூடச் சொல்லலையே” என்று அந்தக் கம்ப்யூட்டரிடமே நியாயம் கேட்டாய். பேத்தி எதையோ திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பத்தா, இது ஏலம் இல்ல. இங்கன போடுற விலைதான் விலையாம். மொதல்ல அமுக்குனவுகளுக்குச் சொந்தமாம்.” அந்தத் தளத்துக்காரர்களுக்கு எழுதியும் பார்த்தாள். நீங்கள் போட்ட விலை, நீங்கள் ஒப்புக்கொண்ட விலை என்று ஒரு வரி பதில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரை வாங்கியவர்களுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

விசயம் மகன் காதுக்குப் போனது. இனிச் சித்திரை வரைக்கும் எதற்கு, வருகிற திங்கட்கிழமையே மில்லுக்குப் போகட்டும் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் புத்திசாலித்தனம் வெளியே வந்துவிடும். பெற்றவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற பிள்ளை முன்னால் தலைகுனிய எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நீ வந்தாய். வாங்க சின்னம்மா, உட்காருங்க என்றான் மகன். நீ உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“தம்பி, அந்த இருபதைப் போடச் சொன்னவ நான்தான். உன் மக ரெண்டாயிரம்னுதான் போடப்போனா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தேன்.

“மண்டில விலையத் தப்பாக் கூறுனா, கூறுனவளத்தான் வெளிய தள்ளுவாக. மாங்காயவா தள்ளுவாக? அவளுக்கு இன்னும் ஒரு வருசம் விடு. அவ விலைய அவ கூறட்டும். நாங்க கிழவிக வாயத் தொறக்கல.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த சித்திரை வரைக்கும் என்றான்.

தெருமுனை வரைக்கும் உன் பின்னாலேயே வந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “நீ அவனுக்கு ஆத்தா. உன் பேச்சு அந்த வீட்டுல இன்னும் செல்லணும். என்னையப் பேசுனா நான் என் வீட்டுக்குப் போயிருவேன்” என்றாய். பஸ் வந்தது, ஏறிவிட்டாய்.

அந்த ஒரு வருசத்துக்குள் பேத்தி மூன்று பெயர்களைத் தன் விலைக்கே விற்றாள். முதல் பெயர் போன அன்று நீ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வாசலில் நின்று மூன்று தரமும் கூறினாய். தெருவே எட்டிப் பார்த்தது. இப்போது தேனியில் அவளுக்குச் சொந்த ஆபீஸ் இருக்கிறது. படித்த பெண்கள் இரண்டு பேர் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக்காரி பேத்தி என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். பீற்றினால் என்ன?

ஆனால் அந்த இருபது டாலர் கதை உன் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளி யார் வந்தாலும் மகன் அதைச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். உண்மை தெரிந்த பேத்தி ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ இருந்தவரை நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். நீ போன பிறகு என்னால் அவர்களோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அந்தச் சாற்றுப் பெட்டி வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சின்னம்மா சொன்ன விலை என்று மகன் ஆரம்பித்தான்.

“அவ சொல்லலப்பா. இருபதுன்னு சொன்னது நான்” என்றேன்.

 மகன் என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை. “இம்புட்டு நாளா உன்னையக் காப்பாத்திருக்காகளாம்மா அவுக” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். உன் படத்துக்கு முன்னால் போய் நின்று, தெரியாமப் பேசிட்டேன் சின்னம்மா என்றான்.

விருந்தாளிகள் போன பிறகு பேத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு ஏலக்காய்ப் பெயர் ஒன்றை விற்பனைக்குப் போடுகிறேன், என்ன விலை போடலாம், நீ சொல்லு அப்பத்தா என்றாள். இத்தனை வருசத்தில் அவள் என்னிடம் விலை கேட்டது இதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரிந்த ஒரு விலையைச் சொன்னேன். தப்பாகப் போனால் நான் சொன்னதுதான் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடு என்றும் அவளிடம் சொன்னேன்.