தணிந்து நின்ற அம்பாசடர்

நேற்று அவிநாசி ரோட்டில் ஒரு கார் வேகத்தடை மேல் அடிவயிறு உரச ஏறி இறங்கியது. தரையோடு தரையாகத் தணித்து வைத்திருந்தார்கள். "ஸ்டைலுக்குப் பண்றாங்கம்மா. ஸ்பிரிங்கெல்லாம் வெளிநாட்டுல இருந்து வருது" என்றான் என் மகன். அந்தக் கரகரப்புச் சத்தம் காதில் விழுந்ததுமே நீ என் நினைப்பில் வந்துவிட்டாய். வீடு வந்து சேரும்வரை உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், வாடகை ஷெட்டில் நாம் இருவரும் சேர்ந்து பனியன் கம்பெனி போட்டிருந்தோம். மிஷின்கள் பழசு, கல்யாண வாடகைக்கு ஓடி அலுத்த அம்பாசடரும் பழசு. சாம்பிள் பீஸ் எல்லாம் உன் கைவேலை. வெளியே அலைவது என் வேலை. குழந்தையில் வந்த காய்ச்சலில் உன் கால்கள் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. ஆனால் கைகள்! தரையில் கையூன்றி நகர்வாய். ஆசாரி செய்து கொடுத்த சக்கர ஸ்டூலில் எம்பி ஏறி உட்கார்ந்தால் ஷெட் முழுக்க ஓடுவாய்.

கோயமுத்தூர் ஏஜெண்டிடம் சாம்பிளை எடுத்துக்கொண்டு போன நான், அவர் கேட்டதற்கெல்லாம் விழித்தேன். அவர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "அடுத்த வாட்டி இதைப் பண்ணுனவங்களக் கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா ஆர்டர் வேற பக்கம் போயிருமுங்க."

அந்த ஆர்டர் இல்லையென்றால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். உனக்கும் தெரியும். இருந்தும் நீ உடனே சரி என்று சொல்லவில்லை. காரில் ஏற வேண்டுமென்றால் டிரைவர் பழனியண்ணன்தான் உன்னைத் தூக்கி உட்கார வைப்பார். தங்கமான மனிதர். ஆனாலும் அவர் தூக்கும்போதெல்லாம் நீ கண்ணை இறுக மூடிக்கொள்வாய். ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான் அதைப் பொறுத்துக்கொள்வாய்.

"நான் வர்றேன் புள்ள. ஆனா என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது" என்றாய்.

காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, கதவைத் திறந்து வைத்து, ஸ்டூலைப் பக்கத்தில் உருட்டிப் போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். சீட்டு உன் ஸ்டூலைவிட ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் இருந்தது. ஸ்டூலை உயரமாகச் செய்துகொள்ளலாமே என்றேன்.

"அப்பறம் ஸ்டூல் மேல ஏத்தறதுக்கு என்னையத் தூக்கோணும். என் கை ஏத்தற ஒசரம் இவ்வளவுதான் புள்ள. காரைத்தான் எறக்கோணும்."

காரை இறக்குவதா? அப்படி ஒன்றை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் ராசண்ணனை ஷெட்டுக்குக் கூட்டிவந்தேன்; அவரும் கேள்விப்பட்டதில்லை. "ஏனுங்க, எல்லாரும் ஒசத்தித் தரச் சொல்லித்தானுங்க வருவாங்க" என்று தலையைச் சொறிந்தார். நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் இறங்கி, ஒரே நகர்வில் காருக்கு அடியில் போய்விட்டாய். உள்ளேயிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

"இந்தப் பட்டையெல்லாம் ஏனுங்கண்ணா வில்லாட்ட வளைஞ்சிருக்குது?"

"பாரம் தாங்கறதுக்குங்க."

"அந்த வளைவைக் கொறைச்சா?"

அவர் குனிந்து உன்னைப் பார்த்தார். "வண்டி தணியுமுங்க. ஆனா தூக்கித் தூக்கிப் போடுமுங்க."

"போடட்டுங்க. புதுசா ஒரு சாமானும் வாங்க வழியில்லீங்க. இருக்கறத வெச்சே பண்ணிக் குடுங்க."

முதலில் சுலபமான வழியைப் பார்த்தோம். பின்பக்கத்துப் பட்டைகளில் சிலதைக் கழற்றினார். கார் இறங்கியது, எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே டிக்கியில் துணி ரோலை ஏற்றி வரும்போது ஒரு குழியில் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்து, சைலன்சர் பிய்ந்து தொங்கியது. டிராக்டர் மாதிரி ஊரே திரும்பிப் பார்க்க வந்து சேர்ந்தோம். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நீயோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப பட்டை அத்தனையும் வேணும், வளைவு மட்டும் கொறையோணும்" என்றாய், ஏதோ கழுத்துப்பட்டி சரியாக உட்காராத பீஸைப் பிரித்துத் தைக்கச் சொல்வது போல.

ராசண்ணன் ஒவ்வொரு பட்டையாகச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தி, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக் கட்டினார். முன்பக்கத்தில் பாரம் தாங்குவது முறுக்கி வைத்த இரும்புத் தண்டு. அதன் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தியதும் காரின் மூக்கும் தணிந்தது. சைலன்சரை மேலே தூக்கிக் கட்டினார். அப்படியும் நாலு விரல் உயரம் பாக்கி. சீட்டின் கால்களை அறுத்து, குட்டையாக்கிப் பற்ற வைத்தார். அதற்குமேல் இறக்க அந்தக் காரில் ஒன்றும் இல்லை.

கோயமுத்தூர் கிளம்பிய காலையை எப்படிச் சொல்வேன்? டெய்லர்கள் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்கள். பழனியண்ணன் பழக்கதோஷத்தில் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"தள்ளி நில்லுங்கண்ணா."

ஸ்டூல் உருளாமல் சக்கரத்துக்கு நீயே கட்டை கொடுத்தாய். ஒரு கை ஸ்டூலில், ஒரு கை சீட்டில். ஒரே எம்பு. அவ்வளவுதான், நீ உள்ளே இருந்தாய். ஒரு காலை எடுத்து வைத்தாய். இன்னொரு காலை எடுத்து வைத்தாய். சேலைக் கரையைச் சரி செய்துகொண்டு, கதவை நீயே இழுத்துச் சாத்தினாய். கண்ணை மூடவே இல்லை. கோயிலில் நடை திறக்கும்போது பார்ப்பது போல எக்கிப் பார்த்து நின்றது கூட்டம். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அந்த ஸ்டூலைத் தூக்கி டிக்கியில வைங்கண்ணா. அதுக்குக் கூச்சம் கெடையாது" என்றாய். பழனியண்ணன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஏஜெண்ட் கேட்டதற்கெல்லாம் நீ பதில் சொன்னாய், ஆர்டர் கிடைத்தது, ஷெட் பிழைத்தது. ஆனால் எனக்குள் நிற்பது திரும்பி வந்த வழிதான். கருமத்தம்பட்டியில் டீ குடிக்கலாம் என்றாய். பழனியண்ணன் ஸ்டூலை எடுத்து வைக்க, இறங்கினாய், குடித்தாய், ஏறினாய். கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி இறங்கி, காற்று பிடிப்பதைப் பார்த்துவிட்டு ஏறினாய். அப்புறம் ஒரு புளியமரத்தடி. அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

"இங்க எதுக்கு புள்ள?" என்றேன்.

"சும்மா" என்றாய். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. "எறங்கலாம்னு தோணுச்சு, எறங்குனேன்."

நினைத்த இடத்தில் இறங்குவது இவ்வளவு பெரிய காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வெறும் புளியமரத்தை ராசாத்தி மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன்னை, நான் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் யாராவது ஒரு படியேற முடியாமலோ, ஒரு சாமானை எட்ட முடியாமலோ திணறினால் என் கை சட்டென்று நீளுவதில்லை. அதற்கு முன்னால் கண் தேடுகிறது: இங்கே எதைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்?