சுருக்கத்துக்கு நாலு விரல்

முந்தாநாள் பெய்த மழையில் கூரை ஒழுகி, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். நனைந்த கம்பளி நாற்றம். மழையில் நனைந்த ஆட்டைக் கட்டிப்பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. காசிமேட்டில் கருவாட்டு நாற்றம் இல்லாத வீடு கிடையாது. கம்பளி நாற்றம் அடிக்கிற வீடு நம்முடையது ஒன்றுதான்.

நீ எனக்குப் பின்னின ஸ்வெட்டரை எடுத்துப் பாயில் விரித்தேன். கொடியில் போட்டால் தொங்கிப் போகும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட நமக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, கலர் கலரா ஒட்டுப் போட்டுகினு? மூட்டை கட்ற துணியா?" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு உள்ளே போய் அழுதேன். அழுது முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரிய வீட்டுப் பெண்கள் மாதிரி "நீங்கள்" போட்டு ஆரம்பித்தேன். துறைமுக ஆபீசருக்கு மனு எழுதுவது போலிருந்தது, அடித்துவிட்டேன். உனக்கு எழுத்துத் தெரியாது. மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்த திமிர் எனக்கு உண்டு என்று நீ சொல்வாய். ஆனால் நான் உனக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிற நேரத்தில் யாராவது குறுக்கே பேசினால் உனக்குத்தான் முதலில் கோபம் வரும். இதையும் எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கத்தான் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் எனக்கு இருமல் வந்தது. மீன் கூடையை இறக்கி வைக்கும்போது ஒரு நாள் இருமி, முந்தானையால் வாயைத் துடைத்தால் ரத்தம். நீ கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். முந்தானையை மறைத்தேன். நீ கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாய். மறு வாரம் என்னை ரயிலேற்றி, அப்புறம் பஸ் ஏற்றி, அந்த மலைப்பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாய். அன்று உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நீ அழுதிருப்பாய் என்பது புரிய நாளாயிற்று.

அந்த ஆஸ்பத்திரியில் காற்றுதான் முதல் மருந்து. மூன்று பக்கமும் திறந்த வராந்தாவில் வரிசையாகக் கட்டில். மழையோ பனியோ, உள்ளே போகக் கூடாது. கடல் காற்றில் வளர்ந்தவளுக்குக் காற்று என்ன புதுசா என்று நினைத்துத்தான் போனேன். நம் ஊர்க் காற்று பிசுபிசுவென்று உடம்பைத் தடவும். அந்த மலைக்காற்று எலும்பை எண்ணிப் பார்க்கும். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து ஸ்வெட்டர் வந்தது. எனக்கு ஆஸ்பத்திரிக் கம்பளிப் போர்வை ஒன்று, அவ்வளவுதான். டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: மார்பில் சளி கட்டினால் இந்த உடம்பு தாங்காது, மார்கழிக்குள் கனமான உடுப்புக்கு வீட்டுக்கு எழுது. எழுதினேன். உனக்கு யார் படித்துக் காட்டினார்களோ தெரியாது. எட்டு நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று போயிற்று. பதிலும் இல்லை, உடுப்பும் இல்லை.

நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதைப் பின்னால்தான் சொன்னாய். வண்ணாரப்பேட்டையில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவனிடம் போயிருக்கிறாய். அவன் காக்கி நிறக் கம்பளிச் சட்டைகள் இரண்டை எடுத்துப் போட்டான். பூச்சி அரித்து அங்கங்கே ஓட்டை. "இத்த அப்படியே போட்டுக்கச் சொல்லு, சூடா இருக்கும்" என்றானாம். அதற்கு நீ, "எவனோ சண்டையில செத்தவன் சட்டையா இருந்தா இன்னா பண்றது? என் பொண்டாட்டி மேல போட மாட்டேன். நூலாப் பிரிச்சிட்டா அது யாருதும் இல்ல" என்றாயாம். இந்த நியாயத்தை எத்தனை தடவை கேட்டிருந்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ராயபுரம் ரயில்வே குடியிருப்பில் நான் வாடிக்கையாக மீன் கொடுத்த, கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா, கதவண்டை நாற்காலி போட்டு எப்போதும் கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள். நீ அவள் முன்னால் போய் நின்று, "இத்தக் கொஞ்சம் காட்டும்மா, வலை பின்றதுதானே எங்க தொழிலே" என்றிருக்கிறாய். மூங்கிலைச் சீவி நீயே இரண்டு ஊசி செய்துகொண்டு போனாய். பத்து நாள் அவள் படியில் உட்கார்ந்தாய். தெரு முழுக்கக் கேலி. உன் தோஸ்துகள், "இன்னா மாமு, அடுத்து பூக்கட்டப் போறியா?" என்று கேட்டார்களாம். நீ ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் திட்டினாயாம்.

அளவுக்கு நான் வீட்டில் விட்டுப் போன ரவிக்கையை எடுத்தாய். அதில்தான் உன் தொழில் புத்தி குறுக்கே வந்தது. புது வலையைச் சாயத் தொட்டியில் கொதிக்க வைத்தால் பருத்தி நூல் சுருங்கும். அதனால் பின்னும்போதே முழத்துக்கு நாலு விரல் கூட்டிப் பின்னுவீர்கள். அதே கணக்கை ஸ்வெட்டருக்கும் போட்டாய். சட்டைக்காரம்மா வேண்டாம் வேண்டாம் என்றாளாம். "நூலு நூலுதானேம்மா" என்றாய், அவள் பேச்சைக் கேட்கவில்லை. முடித்ததும் நல்ல பிள்ளையாக நனைத்துப் பிழிந்து கொடியில் வேறு தொங்கவிட்டாய். கம்பளி சுருங்கவில்லை. சொட்டச் சொட்ட நீண்டது.

மார்கழி பிறந்து நாலாம் நாள், காகிதப் பொட்டலத்தோடு வராந்தா ஓரத்தில் வந்து நின்றாய். அஞ்சு மாதம் கழித்து. "எப்டி கீற?" என்று கேட்டாய், என் தலைக்கு மேலிருந்த ஜன்னலைப் பார்த்து. பொட்டலத்தைப் பிரித்து என் தலைவழியாக மாட்டிவிட்டாய். தோள் இரண்டும் முழங்கைக்கு இறங்கின. கை நுனி விரலைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. எழுந்து நின்றால் முழங்கால்.

பக்கத்துக் கட்டில் ஹாஜிரா தண்டையார்பேட்டைக்காரி, வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு என்னையும் சேத்து உள்ள போட்டுக்கச் சொல்றாரா?" என்றாள். வராந்தாவே சிரித்தது. இருமிக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கழற்றி உன் மூஞ்சியில் எறிந்தேன்.

"யாருக்குப் பின்னின இத்த? ரெண்டாவதா எவளையாவது பாத்து வெச்சிக்கிறியா?"

"சுருங்கும்மே. கொஞ்ச நாள் போனா சுருங்கும். இல்லாட்டி நீ உடம்பு தேறி..."

"நான்தான்யா சுருங்கிட்டேன். இவ்ளோ நேரமா ஜன்னலப் பாத்துகினு கீறியே, ஒரு தபா என்னப் பாரு."

பார்த்தாய். கழுத்தெலும்பைப் பார்த்தாய், வளையல் முழங்கை வரை ஏறியிருந்த கையைப் பார்த்தாய். கீழே விழுந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வராந்தாப் படிக்குப் போனாய். பிரிக்க ஆரம்பித்தாய். உன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கியதையும் பார்த்தேன். கூப்பிட மனம் வரவில்லை. என் உடம்பில் அத்தனை கசப்பு இருந்தது.

மூன்று நாள் இருந்தாய். இந்த முறை என் உடம்பையே அளந்தாய், நூலைச் சுற்றி. உன் விரல்கள் மீன் முள்ளெடுக்கிற மாதிரி அவ்வளவு பதமாக விலாவில் பட்டன. மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தால் அச்சில் வார்த்தது போல இருந்தது. அன்று மாலை எனக்கு முதன்முதலாகக் குளிரவில்லை. அதை உன்னிடம் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். மிஞ்சின நூலில் ஹாஜிரா அதிகாரமாகக் கேட்டு ஒரு குல்லா பின்னி வாங்கிக்கொண்டாள்.

தை, மாசி போயிற்று. புதிதாக வந்த ஊசி எனக்கு ஒத்துக்கொண்டது. வாரா வாரம் எடை பார்த்து நர்ஸ் எழுதுவாள். ஒரு ராத்தல், அரை ராத்தல் என்று ஏறியது. ஹாஜிராவுக்கு அது ஏறவேயில்லை. நீ அடுத்த முறை வந்தபோது அவள் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். நீ கட்டிலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், குல்லாவைப் பற்றி மட்டும் கேட்டாய். தலையில் வைத்தேதான் கொண்டுபோனார்கள் என்று சொன்னேன். வெகுநேரம் அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அப்புறம்தான் ஸ்வெட்டரைக் கவனித்தாய். அக்குளில் பிடித்தது, மூச்சு வாங்கினால் பக்கத்தில் இழுத்தது. உன் முகம் அப்படி மலர்ந்து நான் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை. முழுசாகப் பிரித்து ஒழுங்காகப் பின்னு என்றேன். "கிழிஞ்ச வலைய எவனாவது முழுசாப் பிரிப்பானா? ஒட்டுப் போடுவாம்மே" என்றாய். இரண்டு விலாப் பக்கத்தையும் பிரித்து, சட்டைக்காரம்மா கொடுத்த மிச்சச் சிவப்பு நூலில் பட்டை பின்னி, வலைக்குப் போடுகிற முடிச்சாலேயே சேர்த்தாய். அந்த முடிச்சு விலாவில் உறுத்தும். சண்டை போட்டேன். "உறுத்தட்டும். உறுத்துற அளவுக்குச் சதை வந்துகீதே" என்றாய்.

அப்புறம் ஒரு நீலப் பட்டை, கடைசியாக ஒரு வெள்ளைப் பட்டை. மூன்று ஒட்டுக்கு நான் உனக்குத் திரும்பக் கிடைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பியது நல்ல வைகாசியில். சென்ட்ரலில் இறங்கும்போதே தார் உருகுகிற வெயில். ராயபுரம் வந்ததும் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, "போட்டுக்கோ" என்றாய். பைத்தியமா உனக்கு என்றேன். "போட்டுக்கம்மே, ஒரு தெரு தூரம்தான்." தெப்பமாக நனைந்துகொண்டு நடந்தேன். உன் தோஸ்துகள் வலை உலர்த்தின இடத்தில் என்னை நிற்க வைத்து, கூச்சநாச்சமில்லாமல் விலாவைக் காட்டிக் காட்டிச் சொன்னாய்: "இந்தச் சிவப்பு அஞ்சு ராத்தல். நீலம் இன்னோர் அஞ்சு. வெள்ளை, போன மாசத்துது." பூக்கட்டப் போகிறாயா என்று உன்னைக் கேட்டவன்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கலீஜாக வியர்வை ஊற்ற, மானம் போகிறதே என்று உன்னைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதற்கப்புறம் எட்டு வருஷம் நீயும் நானும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம். பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. இந்த முறை ஊசியும் இல்லை, மலைக்காற்றும் இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் நேரே ஜவுளிக் கடைக்குப் போய்ப் பொங்கலுக்கு உனக்குச் சட்டைத் துணி எடுத்தேன்.

தையல்காரர், "ஆளைக் கூட்டியாம்மா, அளவு எடுக்கணும்" என்றார். "பழைய அளவையே போடுங்க, எல்லாம் சரியா இருக்கும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை.

பொங்கலன்று உன்னை உட்கார வைத்து மாட்டிவிட்டேன். தோள் தையல் கையில் கிடந்தது. கழுத்துப் பட்டையில் என் கை முழுசாக நுழைந்தது. பொத்தானைப் போட்டுக்கொண்டே நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அடுப்பையும் பானையையும், உன்னைத் தவிர எல்லாவற்றையும். அப்போதுதான் அந்த வராந்தா எனக்குப் புரிந்தது. அளவு தெரியாமல் நீ பின்னவில்லை. சுருக்கத்துக்கு விட்ட நாலு விரல் என்று ஊருக்குச் சொன்னாய். ரயிலேற்றின அன்று இருந்த என்னை அப்படியே திரும்ப வாங்க வந்தவன் நீ, வேறு எந்த அளவும் உன் கையில் வரவில்லை.

நீ அந்தச் சட்டையை என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறிய உனக்கு எல்லா நியாயமும் இருந்தது. நீ மெதுவாகக் கையை மடித்து, நுனியை உள்ளே செருகி, இடுப்புப் பக்கம் தொங்கினதைக் கையால் அடக்கிப் பிடித்துக்கொண்டாய். நான் உன்னைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்தாய்.

"கரீட்டா கீதும்மே" என்றாய்.

அன்று உனக்கு வந்த அந்த மனசு எனக்கு மலையில் வராமல் போயிற்று. அதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்து நினைத்து, நீ கண்ணை மூடுகிற வரை கஞ்சி குடி, மருந்து குடி என்று அதட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், உரக்கவே படிக்கிறேன், கேட்டுக்கொள். அன்று அதை உன் மூஞ்சியில் எறிந்தது தப்புய்யா.