மார்க்கிரட் கொடுத்த ஆர்க்கிட்

என்னங்க,

பண்டமாரானுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். முழங்கால் ஆப்பரேஷன் முடிஞ்சு வந்திருக்கா, துணைக்கு ஆள் இல்லை. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். கோவிச்சுக்கிட்டுப் போறதா நினைக்காதீங்க. கோபம் இருக்கு, அது வேற.

மீன் குழம்பு பிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நாளைக்கு கேஸ்காரர் வருவார்.

நேத்து, "மார்க்கிரட் கொடுத்த செடியை வெட்டிட்டியே!"ன்னு கத்தினீங்க. பூவெல்லாம் கொட்டி வெறும் தண்டுதான் நின்னுச்சு. கீழேருந்து ரெண்டாவது கணுவுக்கு மேல வெட்டினா மறுபடி பூக்கும்னு நர்சரி ஆன்டி சொன்னாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் வெட்டினேன். எனக்கிருந்த எரிச்சலுக்கு வேரோட பிடுங்கிப் போட்டிருப்பேன். செடி என்ன பாவம் பண்ணுச்சு?

நேர் வெயில் படாம ஜன்னல் பக்கம் வைங்க. தொட்டியில உள்ள மரப்பட்டை காஞ்ச பிறகு தண்ணி ஊத்துங்க. இலைக்கு நடுவுல தேங்கினா அழுகிடும். உங்க ஆபீஸ் மார்க்கிரட் சொன்ன மாதிரி தண்ணிக்குப் பதிலா ஐஸ் கட்டியெல்லாம் வைக்க வேணாம் லா. நம்ம ஊர் சூட்டுல வளர்ற செடிக்கு ஐஸ் எதுக்கு?

தினமும் காலையில அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புறீங்க. ஒரு இலை பழுத்தாலும் உங்களுக்குத் தெரியுது. போன மாசம் பிரிக்பீல்ட்ஸ்ல நான் தோள் வரைக்கும் முடி வெட்டிக்கிட்டு வந்தேன். இன்னும் நீங்க பார்க்கல.

அமுதா

குழம்புல உப்பு கம்மி.

இன்னொண்ணு. அது மறுபடி பூத்தா உங்க ஆபீஸ்ல மறக்காம சொல்லுங்க, "என் பொண்டாட்டி வெட்டினதாலதான் பூத்துச்சு"ன்னு. மார்க்கிரட் காதுல விழற மாதிரி சொல்லுங்க.